தேசிய மின்னாளுமை விருது: விண்ணப்பத்தில் எந்த எண்களைக் காட்டுவது?

தாலுகா மேசை:
வணக்கம். வருமானச் சான்றிதழை வீட்டிலிருந்தே கைபேசியில் விண்ணப்பித்துப் பெறும்படி எங்கள் மாவட்டத்தில் ஒரு திட்டம் ஓடுகிறது. அதைத் தேசிய மின்னாளுமை விருதுக்கு அனுப்பும் யோசனை. மொத்த விண்ணப்ப எண்ணிக்கை கையில் இருக்கிறது. அது போதுமா? எந்தப் பிரிவில் போடலாம்?

கோப்பு எண் 7:
போதாது சார். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதை வைத்து, அவர்கள் அலைச்சல் குறைந்ததா என்று சொல்ல முடியாது.

முதலில் பிரிவு. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று போகும் படிகளில் ஏதாவது ஒன்றை நிஜமாகவே எடுத்திருந்தால் 'அரசு நடைமுறை மறுசீரமைப்பு' பிரிவு பொருந்தும். பழைய படிவத்தை அப்படியே திரையில் ஏற்றியிருந்தால் அங்கே நிற்காது. அப்போது அடித்தள நிலைச் சேவைகளுக்கான பிரிவைப் பாருங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. சராசரியை மட்டும் கொடுக்காதீர்கள். இடைநிலை மதிப்போடு, 100 பேரில் 90 பேருக்கு எத்தனை நாளுக்குள் சான்றிதழ் கிடைத்தது என்பதையும் கொடுங்கள். தேங்கிக் கிடக்கும் மனுக்கள் அதில்தான் வெளியே தெரியும். பெரிய பிழை ஒன்று உண்டு: திருப்பி அனுப்பிய மனுவை மறுபடி போட்டால் புது எண் விழும், நாள் கணக்கு முதலிலிருந்து ஓடும். 20 நாள் காத்திருந்தவர் 5 நாளில் வாங்கியவராகப் பதிவாவார். கேன் எண்ணையும் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்) சேவையின் பெயரையும் வைத்து இரண்டு மனுக்களையும் இணைத்து, முதல் மனுவின் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

வானவில் வேண்டாம்:
அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பதை, கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அரசு இணையதளங்களுக்கான ஜிஐஜிடபிள்யூ 3.0 வழிகாட்டுதல் கேட்பது, டபிள்யூசிஏஜி 2.1 என்ற உலகளாவிய அணுகல்தன்மைத் தரத்தின் ஏஏ நிலை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5:1 வேண்டும். படக் கேப்ட்சாவுக்கு ஒலி மாற்று வேண்டும். மவுஸைத் தொடாமல் டேப் விசையிலேயே படிவத்தை முடிக்க முடிகிறதா என்று பாருங்கள், பாதிக் குறைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல் பிடிஎஃப்பில் இருக்கிறது. வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆணையைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) குப்பையாகத்தான் படிக்கும். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக்கிவிட்டது, இன்னும் பழைய வார்ப்புருக்கள் ஓடுகின்றன. பார்வையற்றவருக்குத் தன் சான்றிதழைத் தானே படிக்கும் உரிமை இருக்கிறது. சான்றிதழிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் சரியாக வந்தால் நல்லது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் நகலெடுக்கவே வராது.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளரின் பாதுகாப்புச் சான்று, தணிக்கை செய்த பதிப்புக்கு மட்டுமே. பிறகு கட்டண வசதி சேர்த்திருந்தால் மறுதணிக்கை தேவை.

மனு நிலவரம்:
இந்த விருதுகளை மத்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2003 முதல் நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் தங்கத்துக்கு 10 லட்சம், வெள்ளிக்கு 5 லட்சம். அந்தப் பணம் திட்டத்துக்கோ பொதுநலப் பணிக்கோ போக வேண்டும். கள ஆய்வும் உண்டு. அரசுகளின் இணையச் சேவைகளை அளக்கும் அதே துறையின் நெஸ்டா மதிப்பீட்டு அளவுகோல்களில் மனு நிலையை அறியும் வசதியும் ஒன்று. 'பரிசீலனையில்' என்று மட்டும் காட்டாமல், மனு யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று காட்டுங்கள்.

தாலுகா மேசை:
நன்றி. இணையத்துக்கு முந்தைய நாள் கணக்கு எங்களிடம் இல்லையே?

கோப்பு எண் 7:
தாலுகா அலுவலகத் தன்பதிவேட்டில் மனு வந்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும். இரண்டு மூன்று தாலுகாக்களில் மாதிரி எடுங்கள். ஒரே மாதத்தை ஒரே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மே, ஜூனில் கல்லூரிச் சேர்க்கைக்காக மனுக்கள் குவியும். பழைய ஜூனையும் புதிய நவம்பரையும் பக்கத்தில் வைத்தால் அந்த முன்னேற்றம் பொய்.