ஜிதாய் மத்சுரி ஊர்வலம்: எங்கே நின்றால் நன்றாகத் தெரியும்?

வைகைக்கரை:
அக்டோபரில் மதுரையிலிருந்து ஜப்பானின் கியோத்தோ போகிறோம். அந்தந்தக் கால வேடமிட்டு வரும் ஜிதாய் மத்சுரி ஊர்வலத்தை எங்கே நின்று பார்ப்பது? படமும் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி. எதிர்சேவை மாதிரி நெரிசல் இருக்குமா?

தெற்குமாசி:
நெரிசல் அந்த அளவுக்கு இருக்காது. பஞ்சாங்கமும் பார்க்க வேண்டாம், வருஷாவருஷம் அக்டோபர் 22தான். 794இல் கம்மு பேரரசர் புதுத் தலைநகரான கியோத்தோவுக்குள் நுழைந்த நாள். மழை வந்தால் மறுநாளுக்குத் தள்ளிவைப்பார்கள். அறையை ஒருநாள் கூட்டியே போடுங்கள்.

பகல் 12 மணிக்குப் பழைய அரண்மனையில் கிளம்பி ஹெயான் கோயிலில் முடியும், சுமார் நாலரை கிலோமீட்டர். மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்கிற அழகரை நினைத்துக்கொண்டு சாவகாசமாகப் போகாதீர்கள். தாமதித்தால் ஊர்வலத்தின் முன்வரிசைகள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும்.

படத்துக்குக் கரசுமா வீதி. தெற்கே பார்த்து நடந்து வருவார்கள், வெயில் முகத்தில் விழும். கோயில் பக்கம் வடக்கே திரும்பியதும் வெயில் முதுகுக்குப் போய்விடும். படத்தில் தோரி எனும் சிவப்புக் கோயில் வாசல் கிடைக்கும், முகம் இருட்டடிக்கும்.

புதுமண்டபம்:
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டார். இந்த ஊர்வலத்தில் காலம் பின்னோக்கி ஓடும். முதலில் குழலும் பறையுமாக மெய்ஜிக் காலப் படை, பிறகு அதற்கு முந்தைய எடோ காலம், அப்படியே கம்முவின் ஹெயான் காலம் வரைக்கும். சுமார் 2000 பேர், கடந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கவசக்காரர்களைப் பார்த்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். எழுத்தாளர் முராசாகி ஷிகிபு, குதிரைமேல் வீரப்பெண் தோமோயே கோசென் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஹெயான் கோயிலின் தெய்வங்களான பேரரசர்கள் கம்மு, கோமேய் இருவரின் பல்லக்குகள் கிட்டத்தட்டக் கடைசி. சாமியைப் பார்க்காமல் திரும்பினால் எப்படி?

வைகைக்கரை:
அம்மாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியாதே?

தெற்குமாசி:
கட்டண இருக்கை உண்டு, முன்கூட்டியே வாங்குங்கள். அரண்மனைத் தோட்டத்தில் வேண்டாம். தரையெல்லாம் சரளைக்கல், முட்டிவலியோடு நடப்பது பாடு. ஓய்கே வீதியில் எடுங்கள். தெற்குப் பக்கம் கிடைத்தால் வெயில் கண்ணில் அடிக்காது.

அன்றைக்குப் பேருந்தை நம்பாதீர்கள், வழி மாற்றி விடுவார்கள். கரசுமா ஓய்கேயில் சுரங்க ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் ஹிகாஷியாமா, அங்கிருந்து கோயிலுக்குப் பத்து நிமிட நடை. முன்வரிசைகளைத் தவறவிட்டால் இப்படி முந்திப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம்.