கல்வி மேலாண்மையில் முதுகலை: படித்தவர்களின் வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் 14 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கும் நான், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் முதுகலைப் படிப்பில் கல்வி மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுக்க விரும்புகிறேன். குறைந்தது 2, அதிகபட்சம் 4 ஆண்டுகளில் முடிக்கலாம் என்பதால் பணியில் இருந்தவாறே படிக்க இயலும்.

உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020இல் ரத்தானதை அறிவேன். அதற்காக இதைக் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், பின்ன வகுத்தலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கப் பாடக்குறிப்பேட்டுடன் என் வகுப்பு வாசலில் தயங்கி நின்ற நாளில்தான், சக ஆசிரியர்களுக்குத் துணைநிற்க முறையாகக் கற்க வேண்டும் என்று உறுதிகொண்டேன்.

துறையின் முன் அனுமதிக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள், ஆய்வறிக்கைக்குச் சொந்தப் பள்ளியையே களமாகக் கொள்ள முடிந்ததா, தேர்வுப் பணிக் காலத்தில் ஒப்படைப்புகளை எவ்வாறு எழுதி முடித்தீர்கள் என்பதைப் படித்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.