1,700 வெள்ளி வந்தபின் 2,100 வெள்ளிக்காரர் நிலை என்ன?

பீடோர் கடைத்தெரு:
வணக்கம். மலேசியாவில், எங்கள் பீடோரில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான்: குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) ஏறியதில் கீழே இருப்பவருக்கு லாபம், நடுவில் இருப்பவருக்கு நட்டம். ஓர் உதாரணம் வைத்தே கேட்கிறேன். உரமும் மளிகையும் விற்கும் கடை, ஆறு பேர் வேலை. நேற்று வந்த மூட்டை தூக்கும் பையனுக்கு 1,500 இருந்தது, இப்போது 1,700. ஒன்பது வருடமாக பில் போடும் கிளார்க் 2,100லேயே நிற்கிறார். அவருக்கும் ஏற்றித் தர வேண்டும் என்று சட்டம் உண்டா? இல்லையென்றால் முதலாளி எந்தக் கணக்கில் ஏற்றுவது? ரொட்டி சானாய் முதல் தாஸ்கா (குழந்தைக் காப்பகம்) கட்டணம் வரை எல்லாம் ஏறியதற்கு இதுதான் காரணமா?

சம்பளச் சிலிப்:
முதல் கேள்விக்கு நேர் பதில்: சட்டம் இல்லை. குறைந்தபட்சச் சம்பள ஆணை தரையை மட்டும்தான் தூக்கும். 2013ல் தீபகற்பத்தில் 900, 2016ல் 1,000, 2019ல் 1,100, 2022ல் 1,500, 2025 பிப்ரவரி 1 முதல் 1,700. ஐந்து பேருக்குக் குறைவான கடைகளுக்கு 2025 ஆகஸ்டு 1 வரை தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணையை நிரந்தர விலக்கு என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு தொழிலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஞாபகம் இருக்கட்டும்.

கிளார்க்கின் நட்டம் இடைவெளியில் இருக்கிறது. முன்பு அவருக்கும் புதுப் பையனுக்கும் 600 வெள்ளி வித்தியாசம், இப்போது 400. ஒன்பது வருட அனுபவத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இதைவிட மோசம் 1,650 வாங்கிய நாலு வருட ஆள். சட்டப்படி மட்டும் ஏற்றினால் அவரும் நேற்று வந்தவரும் ஒரே 1,700. முதலில் வேலையை விட்டுப் போவது அவர்தான்.

ஏற்ற ஒரு சுலபமான வழி இருக்கிறது. மேல் எல்லையாக 2,500 வைத்துக்கொள்ளுங்கள். அதில் பழைய சம்பளத்தைக் கழித்து, மீதியில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 1,500க்கு 200, 1,650க்கு 170, 1,900 வாங்கும் லோரி டிரைவருக்கு 120, 2,100க்கு 80. யாரும் யாரையும் தாண்ட மாட்டார்கள். மூன்று பேர் 1,500, மற்ற மூவர் மேலே சொன்னபடி என்றால் சட்டப்படி மட்டும் ஏற்ற 650 வெள்ளி போதும். இந்த முறையில் 970. ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) இரண்டுக்கும் முதலாளி கட்டும் பங்கைச் சேர்த்தால் கூடுதல் செலவு மாதம் சுமார் 370. பழகிய கிளார்க்கை இழந்து புது ஆளைப் பழக்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

கணக்குப்பிள்ளை:
விலைக்கு வருகிறேன். 200 வெள்ளி உயர்வு முதலாளிக்கு 200 இல்லை. ஈபிஎஃப் 13 சதவீதம், சொக்சோ, வேலைக் காப்புறுதி எல்லாம் சேர்த்தால் ஆளுக்குச் சுமார் 230.

சாப்பாட்டுக் கடையை எடுங்கள். ஆறு பேர், ஆறு பேருமே 1,500ல் இருந்தவர்கள் என்றே வைப்போம். மாதம் 1,380 வெள்ளி கூடுகிறது. நாளுக்கு 250 பில், 26 நாள் என்றால் 6,500 பில். பில்லுக்கு 21 காசு. ஒரு ரொட்டிக்கு 50 காசு ஏற்றிவிட்டு ‘கவர்மெண்டு சம்பளத்தை ஏத்திட்டான்’ என்று சொன்னால், மீதிக்கு மாவையும் எண்ணெயையும் வாடகையையும் கேளுங்கள்.

தாஸ்காவில் கதை வேறு. ஒரு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுக்கு ஐந்துக்கு ஒருவர் என்று விதி. 230ஐ 6,500 பில்லில் பரப்புவதுபோல இங்கே பரப்ப முடியாது. மூன்றால் வகுத்தால் கைக்குழந்தைக்கு 77 வெள்ளி, ஐந்தால் வகுத்தால் 46. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் உயர்வு உண்மையாகச் சுடும் இடம் இதுதான். வீட்டோடு ஆள் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சூடு இல்லை. வீட்டுப் பணியாளர்கள் ஆணைக்குள் வருவதில்லை. அது நியாயமா என்பது தனிச் சண்டை.

செக்ரோல்:
கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது டவுனுக்குச் சரி. தோட்டத்தில் ‘நடுத்தரம்’ என்றால் கிராணியும் (தோட்டத்துக் கிளார்க்) ஃபீல்டு ஸ்டாஃபும். செம்பனைக் குலை வெட்டுபவர், பால் மரம் (ரப்பர்) வெட்டுபவர் டன்னுக்கோ கிலோவுக்கோ கூலி வாங்கினாலும், மாத மொத்தம் 1,700க்குக் குறையக்கூடாது என்று ஆணையிலேயே இருக்கிறது. நல்ல காய்ப்பு மாதத்தில் கெட்டிக்கார வெட்டாள் கிராணியைத் தாண்டிப் போவதும் உண்டு. கிராணியின் சம்பளம் ஆணையால் அசையாது, சங்க ஒப்பந்தத்தால்தான் அசையும். கூட்டு ஒப்பந்தத்துக்குச் சட்டப்படி குறைந்தது மூன்று வருட ஆயுள். நடுவில் ஆணை வந்தால் அடுத்த பேச்சுவார்த்தை வரை இடைவெளி சுருங்கியே கிடக்கும். ஆகவே சங்கத்திடம் கேட்க வேண்டியது வெறும் ‘உயர்வு’ இல்லை. தரை ஏறினால் படிக்கட்டும் கூடவே ஏற வேண்டும் என்று ஒரு பிரிவு கேளுங்கள்.

இன்னொன்று. 2022 புள்ளிவிவரப்படி எம்40, அதாவது நடுத்தர 40 சதவீதம், என்பது மாதம் 5,250 முதல் 11,819 வெள்ளி வரை வருமானமுள்ள குடும்பம். 2,100 கிளார்க்கும் 1,700 வாங்கும் அவர் மனைவியும் சேர்ந்தால் 3,800. நடுத்தரம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பாதிப் பேர் கணக்கில் பி40, அதாவது கீழ்த்தட்டு 40 சதவீதம். அந்த வீட்டுக்கு மனைவி பக்கம் 200 வெள்ளி வந்திருக்கிறது, அதையும் கூட்டிப் பார்க்க வேண்டாமா?

பீடோர் கடைத்தெரு:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் பாக்கி. அடிப்படை 1,500, போக்குவரத்துப் படி 200, மொத்தம் 1,700 என்று சிலிப் போட்டால் சரியா?

சம்பளச் சிலிப்:
தப்பு. 1,700 என்பது அடிப்படைச் சம்பளம் மட்டும், படி அதற்கு மேல். இப்படிப் போடுவதில் தொழிலாளிக்கு இன்னொரு நட்டமும் உண்டு: போக்குவரத்துப் படிக்கு ஈபிஎஃப் பிடிப்பதில்லை, 200க்கு உரிய முதலாளி பங்கு 26 வெள்ளி மாதாமாதம் போய்விடும். இருந்த படியை அவர் சம்மதம் இல்லாமல் வெட்டி அடிப்படையில் சேர்த்தாலும் தொழிலாளர் இலாகாவில் புகார் வரும்.

ஓ.டி.யையும் (கூடுதல் நேர வேலைக் கூலி) பாருங்கள். மாதச் சம்பளக்காரருக்கு 1,700ஐ 26ஆல் வகுத்து, பிறகு 8ஆல் வகுத்தால் மணிக்கு 8.17, ஒன்றரை மடங்கு 12.26. ஆணையில் இருக்கும் 8.72 மணிக்கூலிக்காரருக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, மணிக்கூலிப் பையனுக்கு 8.17 போட்டால் அதுவும் சட்ட மீறல்தான்.