இரண்டு சிகரெட் கணக்கு

குழு: மாயவரம் வீட்டார்

கோமதி அத்தை: சேகர், முழுவதும் நிறுத்தச் சொல்லி மருத்துவர் எச்சரித்த பிறகும் நீ இன்னும் இரண்டு சிகரெட் பிடிப்பதாக உன் மனைவி சொல்கிறாள். உண்மையா?

சேகர் சித்தப்பா: உண்மைதான் அக்கா. நாளொன்றுக்கு 20 பிடித்தவன் இரண்டுக்கு வந்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் கெடுதலும் அதே அளவு குறையாதா?

மலர் அக்கா: எங்கள் வார்டில் தினமும் கேட்கும் கேள்விதான் சித்தப்பா. இருதயத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு செல்லாது. 141 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரையின்படி, தினமும் 20 பிடிப்பவருக்கு மாரடைப்பு போன்ற நோய்கள் வரக் கூடுதலாக உள்ள அபாயத்தில் ஏறக்குறையப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் கெடுவதற்கும், தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறைவதற்கும் கொஞ்சம் புகையே போதும். நுரையீரல் புற்றுநோயில் மட்டும் குறைத்த அளவுக்குச் சற்றுப் பலன் உண்டு; ஆனால் அங்கே எத்தனை ஆண்டுகள் பிடித்தோம் என்பதுதான் பெரிய கணக்கு.

பிரபு அண்ணன்: இரண்டு என்றான பிறகு சித்தப்பா முன்பைவிட ஆழமாக இழுக்கிறார், பஞ்சு சுடும்வரை விடுவதில்லை. பெட்டிக்கடையில் ஒற்றையாக வாங்கிக் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொள்வதால், பெட்டியில் 85 விழுக்காடு இடத்தைப் பிடித்திருக்கும் எச்சரிக்கைப் படமும் அவர் கண்ணில் படுவதில்லை.

சேகர் சித்தப்பா: நல்ல துப்பறியும் வேலை, தம்பி. உங்கள் தாத்தா சுருட்டும் கையுமாக 86 வயது வரை இருந்தாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மலர் அக்கா: தாத்தா தப்பித்தார். அவரோடு திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்த அவருடைய தம்பிகள் இருவரும் எந்த வயதில் போனார்கள் என்பதை மட்டும் நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பிரிட்டனின் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவினர், தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்ததைக் கண்டார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குக்கூட, விடாதவர்களைவிட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயுள் கூடியது. உங்களுக்கு 58தான் ஆகிறது.

சேகர் சித்தப்பா: விட மாட்டேன் என்று சொல்லவில்லையே. நிகோடின் சூயிங்கம் வாங்கி மென்றேன். தொண்டை எரிந்ததே தவிர ஆசை அடங்கவில்லை.

மலர் அக்கா: காலைத் தேநீரோடு மென்றீர்களா? தேநீரோ காபியோ குடித்த கால் மணி நேரத்துக்குள் மென்றால், வாயின் வழியாக நிகோடின் சரியாக உடலில் சேராது. மிட்டாய்போல விடாமல் மெல்லவும் கூடாது. காரம் தெரிந்ததும் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே அடக்கி வைத்து, காரம் போன பிறகு மறுபடி மெல்லுங்கள். எச்சிலோடு விழுங்குவதால்தான் தொண்டை எரிகிறது. எவ்வளவு மெல்லலாம் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுவிடலாம்.

பிரபு அண்ணன்: நிறுத்த உதவும் கட்டணமில்லாத எண் 1800-11-2356. அதையும் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஒற்றையாக வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

சேகர் சித்தப்பா: குறித்துக்கொண்டேன். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது மலரும் உடன் வரட்டும். அதுவரை இந்த இரண்டைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

கோமதி அத்தை: நான் கேட்பேன்.