68 வயது அம்மாவை ஃபாத்திமா, லூர்து திருயாத்திரைக்கு அனுப்பலாமா?

செந்தூல் மகள்:
எங்கள் பங்குக் கோவிலிலிருந்து அக்டோபரில் ஒரு குழு போர்த்துகலில் லிஸ்பன், ஃபாத்திமா, ஸ்பெயினில் சந்தியாகோ, பிரான்சில் லூர்து, பாரிஸ் என்று புறப்படுகிறது. ஆளுக்கு 18,000 ரிங்கிட். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அப்பா இறந்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். அண்ணனோ, "அந்தக் காசுக்கு வேளாங்கண்ணிக்கு நான்கு தடவை போய் வரலாம், எல்லா இடத்திலும் ஒரே மாதாதானே" என்கிறார். கூடப் போக எனக்கு விடுப்புக் கிடைக்காது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், அம்மாவால் முடியுமா?

பட்டர்வொர்த்காரன்:
சகோதரி, அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் போக ஆசைப்படுவது அம்மா, அண்ணன் அல்லர்.

நானும் மனைவியும் இதே வழியில் போய் வந்தோம். பயண நிரலில் எத்தனை திருத்தலங்கள் என்று எண்ணாதீர்கள். எங்கே எத்தனை இரவு தங்குகிறார்கள் என்று பாருங்கள். ஃபாத்திமாவிலிருந்து லூர்துக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரும் தூரத்தில் மூன்று மடங்கு. சந்தியாகோவுக்கு வளைத்துப் போனால் இன்னும் கூடும். மடக்க முடியாத முழங்காலுக்கு எதிரி பேருந்து இருக்கைதான், படிக்கட்டு அல்ல. பேருந்தில் ஜெபமாலையைத் தமிழ், ஆங்கிலம், மலாய், மாண்டரின் என்று பத்து மணிகளுக்கு ஒரு மொழியாகச் சொன்னோம். அதுவரை நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு முன்னிருக்கை யாருக்கு என்ற சண்டை. அதற்கு மொழி தேவைப்படவில்லை.

லூர்தில் எங்களுக்கு ஒரே இரவு கொடுத்தார்கள். மாலையில் போய்ச் சேர்ந்து, விடுதியில் சாப்பாடு தாமதமாகி, இரவு ஒன்பது மணி மெழுகுவத்திப் பவனிக்குக் குழுவில் பாதிப் பேர் வரவில்லை. அவ்வளவு தூரம் போனதே அதற்காகத்தான்! ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் மெழுகுவத்தியோடு நடந்து பழகிய நமக்குப் பவனி புதிதல்ல. புதிதாக இருந்தது வேறு. நம்மிடம் சக்கர நாற்காலியை ஓரமாக நிறுத்தி, "நீங்கள் இங்கேயே இருங்கள்" என்போம். அங்கே நோயாளிகள்தாம் முன்னால் போகிறார்கள். தள்ளிக்கொண்டு போகத் தொண்டர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நல்ல கால் உள்ளவர்கள் பின்னால்தான். எங்கள் குழுவில் ஓர் அக்கா, கோலாலம்பூர் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி என்றதும் கோபித்துக்கொண்டவர், லூர்தில் தாமே கேட்டு வாங்கி உட்கார்ந்தார். முன்வரிசை கிடைக்கிறதே!

குணம் கிடைக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். 1858 முதல் லூர்தில் குணமடைந்ததாக 7000 பேருக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்றவை எழுபது சொச்சம்தான். அங்கே 1858இல் மாதாவைக் கண்ட பெர்னதெத்தே ஆஸ்துமாவோடு வாழ்ந்து 35 வயதில் இறந்தார். நாங்கள் போனபோது தீர்த்தத் தொட்டியில் முழுக்கு இல்லை. கையையும் முகத்தையும் கழுவிக் கொஞ்சம் குடித்தோம். மாதா காட்சி கொடுத்த குகையான கெபி அருகே குழாயில் தண்ணீர் இலவசம். போத்தலைப் பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

ஃபாத்திமாவில் ஓர் எச்சரிக்கை. மாதா காட்சி கொடுத்த சிற்றாலயம் வரை பளிங்குப் பாதை போட்டிருக்கிறார்கள். நேர்ச்சைக்காரர்கள் அதில் முழந்தாளிலேயே போகிறார்கள். வேளாங்கண்ணி மணலில் பார்த்ததுதான். மெழுகுக் கை கால்கள்கூட விற்கிறார்கள். உங்கள் அம்மா அதைப் பார்த்ததும் இறங்கிவிடுவார். கூடப் போகும் யாரிடமாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிள்ளான் அக்கா:
சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். 1917இல் சூரியன் சுழன்றதாகக் கூட்டத்தினர் சொன்ன சூரிய அற்புத நாளான அக்டோபர் 13ஐ ஒட்டி ஃபாத்திமாவில் பெருங்கூட்டம் கூடும், அந்தத் தேதியா என்று பாருங்கள். நெத்திலிச் சம்பல் ஒரு டப்பா கட்டாயம்.

தனிப்பயணி:
குழுவே எதற்கு? மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். லிஸ்பனில் இறங்கினால் ஃபாத்திமா ஒன்றரை மணி நேரப் பேருந்து. பாதிச் செலவில் முடியும்.

பட்டர்வொர்த்காரன்:
தம்பி, உங்களுக்கு முடியும். போர்த்துகீசிய மொழி தெரியாத 68 வயது அம்மா தனியாகப் பேருந்து மாறுவாரா? முன்னிருக்கைச் சண்டை போட்ட அதே கூட்டம்தான், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் முறைவைத்து விழித்திருந்தது. குழு வேண்டும். நிரல்தான் மாற வேண்டும்.

செந்தூல் மகள்:
எல்லாருக்கும் நன்றி. நிரலை எடுத்துப் பார்த்தேன். லூர்தில் ஒரு இரவு, பாரிஸில் மூன்று. அம்மாவிடம் காட்டினேன். "பாரிஸில் எனக்கு என்ன வேலை?" என்கிறார்.

பட்டர்வொர்த்காரன்:
ரூ து பாக் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. 1830இல் கத்தரீன் லபூரேக்கு மாதா காட்சி தந்து, பதக்கம் அடிக்கச் சொன்ன இடம். அதற்கு அரை நாள் போதும். மீதி இரண்டு இரவையும் லூர்துக்கு மாற்ற முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்பதைவிட அம்மாவே கேட்டால் நல்லது. அவருக்கு மறுப்புச் சொல்லத் தயங்குவார்கள்.