எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகள்: நாம் கண்டவை

கோபிசெட்டிபாளையம், ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை:

வாசிக்கத் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் வரும். நான்காம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மஞ்சளை எவ்வளவு நேரம் வேக வைக்க வேண்டும், வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்றெல்லாம் பெரியவர்களைப் போல விளக்குவான். பாடங்களைக் காதால் கேட்டே ஒப்பித்துவிடுவான். அதனால் அவனுக்கு வாசிக்க வராது என்பது யார் கண்ணிலும் படவில்லை. நடத்தாத பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தபோது, விரல் ஒரு வரியில் இருந்தது, வாய் வேறொன்றைச் சொன்னது.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொன்னேன். இரண்டிலும் குறையில்லை. வீட்டில் தமிழ்தான் பேசினார்கள். இதையும் பார்க்க வேண்டும். தாளவாடிப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசும் குழந்தை தமிழில் தடுமாறினால், அதற்குக் கற்றல் குறைபாடு (அறிவு இருந்தும் வாசிப்பும் எழுத்தும் எளிதில் கைகூடாத நிலை) என்று உடனே பெயர் வைத்துவிடக் கூடாது.

தமிழில் பிழை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும்; அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இவனைப் படுத்தியவை கொம்புகள். ‘கே’ என்பதில் இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கோ’ என்பதில் குறி இரு பக்கமும் நிற்கிறது. ‘கோவில்’ என்பதை அவன் ‘கேவில்’ என்றான். துணைக்கால் அவன் கணக்கில் சேரவே இல்லை. ‘பட்டம்’ என்பதில் ‘ப’வை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று வாய்மொழியாகக் கேட்டேன். அதற்கும் விழித்தான். சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதிலேயே அவனுக்குச் சிக்கல் இருந்தது.

247 எழுத்துகளையும் திரும்பத் திரும்ப எழுத வைப்பது இத்தகைய பிள்ளைக்குத் தண்டனை. தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்ல வைத்தேன். ஒரு குறி நன்றாகப் பதிந்த பிறகே அடுத்தது. ஆண்டு முடிவில் சிறு பத்திகளை மெதுவாக வாசித்தான். வேகம் வரவில்லை. புரிந்து வாசித்தான், எனக்கு அது போதும்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை:

என் மகளும் வாசிக்கத் திணறினாள். அவளை வீட்டில் கவனிப்பதில்லை என்று பள்ளியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் இருப்பார், போய்ப் பார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபிறகுதான் வழி தெரிந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று என்பதை அங்கேதான் அறிந்தேன்.

சான்றிதழ் வாங்க என் அம்மா, அதாவது அவளுடைய அமுச்சி, சம்மதிக்கவே இல்லை. “குறை என்று எழுதி வாங்கினால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?” என்றார். “இது பரீட்சைக்கு அம்மா, நெற்றியில் ஒட்டிக்கொள்ள இல்லை” என்றேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது, சொல்வதை எழுதுபவரும் கிடைத்தார். விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடையை இன்னொருவர் எழுதும்படி சொல்வதற்குத் தனிப் பழக்கம் தேவை. எங்கே நிறுத்துவது, எங்கே புதுப் பத்தி என்று சொல்லத் தெரியாமல் அவள் முதலில் அழுதேவிட்டாள். இரவு நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துகொள்வேன். அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன். அவள் சொல்லாத ஒரு சொல்லையும் சேர்க்க மாட்டேன்.

கோவை, லேத் பட்டறை:

ஆசிரியை சொன்ன அந்தப் பையனின் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது பம்ப் உதிரி பாகங்களின் வரைபடத்தைப் பார்த்தால் அளவுகள் உடனே பிடிபடுகின்றன. நீண்ட கடிதம் வந்தால் போனை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். பள்ளியில் என்னை வதைத்தது, திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வது. ஏழாம் வகுப்புத் தமிழ் ஐயா மட்டும் முதல் நாள் மாலையே, “நாளைக்கு இந்த நான்கு வரி உனக்கு, கண்ணு” என்று காட்டிவிடுவார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். மறுநாள் நான் எழுந்து நிற்பேன், வாசிப்பேன். ஆசிரியர்கள் இதை நாளைக்கே தொடங்கலாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.