ஆபீஸ் உடல்நலப் படிவத்தில் இதையெல்லாம் கேட்கலாமா?

மேசைவிளக்கு:
எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் ஓர் உடல்நலப் படிவம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி எச்.ஆருக்கு மெயில் பண்ண வேண்டுமாம். நான் செய்வது கணினி முன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. படிவத்திலோ அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை, புற்றுநோய் உண்டா, மனநல மருந்து எப்போதாவது சாப்பிட்டதுண்டா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, அடுத்த ஓராண்டில் குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'இத்தகவல்களைத் தேவைப்படும் எவருடனும் பகிரச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. தூக்கம் வராமல் நான் மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன், வீட்டிலேயே எல்லோருக்கும் தெரியாது. பேசாமல் 'இல்லை' என்று டிக் அடித்துவிடலாமா?

படிக்கட்டு:
பொய் மட்டும் எழுதாதீர்கள். நாளை ஏதாவது பிரச்சினை என்றால் அவர்கள் கேட்டது தப்பா என்று யாரும் பார்க்க மாட்டார்கள், நீங்கள் மறைத்ததைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அந்த இடங்களைக் காலியாக விட்டுவிட்டு மெயிலில் கேளுங்கள்: இந்தத் தகவல் எதற்கு, யார் படிப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், எந்தக் கேள்வி கட்டாயம். வாய்ப்பேச்சாகக் கேட்டால் பதிலும் காற்றோடு போய்விடும். வேலைக்குத் தகுதியா என்பதுதான் அவர்கள் கவலை என்றால் மருத்துவரிடம் ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள், அதில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. அந்தப் பொடி எழுத்து வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முன்னாள்_எச்ஆர்:
இப்படிப்பட்ட படிவங்கள் கடைசியில் எங்கே போகின்றன என்று பார்த்திருக்கிறேன். ஒரு எக்செல் ஷீட், அது ஒரு பொது ஃபோல்டரில், பதவி உயர்வை முடிவு செய்யும் மேனேஜரும் திறந்து பார்க்கலாம். கெட்ட எண்ணம் இல்லாதவர்கூட ஒருமுறை படித்துவிட்டால் அதைப் படிக்காதவர் மாதிரி நடந்துகொள்ள முடியாது. ஜெர்மனியில் எச் அண்ட் எம் என்ற துணிக்கடை நிறுவனத்தின் விவகாரம் இதுதானே. விடுப்பு முடிந்து திரும்பியவர்களிடம் நலம் விசாரிப்பது போலப் பேசி, நோய் விவரம் முதல் குடும்பச் சண்டை வரை பதிந்து வைத்தார்கள், சுமார் 50 மேலாளர்கள்வரை அதைப் படிக்க முடிந்தது. 2019இல் ஒரு கணினிக் கோளாறில் சில மணி நேரம் அது நிறுவனம் முழுக்கத் திறந்து கிடந்ததால்தான் வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டு 3.5 கோடி யூரோவுக்கு மேல் அபராதம்.

கோடைமழை:
எல்லாக் கேள்வியும் தப்பு என்று சொல்ல மாட்டேன். கிரேன் ஓட்டுபவரிடம் வலிப்பு வருமா என்று கேட்கத்தான் வேண்டும், கீழே நிற்பவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் அதையும் ஒரு மருத்துவர் கேட்டு, தகுதி உண்டு அல்லது இல்லை என்று மட்டும் நிறுவனத்துக்குச் சொன்னால் போதுமே. பெற்றோரின் நோய்க்கு எந்த வேலையிலும் இடமில்லை. அமெரிக்காவில் 2008இல் வந்த ஜினா சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, குடும்ப நோய் வரலாற்றை முதலாளி கேட்பதையே தடுக்கிறது. பிரிட்டனில் 2010 முதல் வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன் பொதுவாக உடல்நலக் கேள்வியே கேட்கக் கூடாது. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசைவிளக்கு:
மெயில் போட்டேன். குடும்பம், மாதவிடாய், மனநலம் பற்றிய கேள்விகள் கட்டாயமில்லையாம், அதைப் படிவத்தில் எங்கேயும் போடவில்லை! சரி, ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்துவிட்டவர்கள் என்ன செய்வது?

படிக்கட்டு:
உங்களுக்கு வந்த அந்தப் பதிலை அவர்களிடம் காட்டுங்கள். கட்டாயமில்லாத பகுதியை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் உறுதி செய்யுங்கள் என்று எல்லோரும் சேர்ந்தே ஒரு மெயில் போடட்டும், தனியாளாகக் கேட்டால் 'இவருக்கு என்னவோ இருக்கிறது' என்று பார்ப்பார்கள்.